ஒரே தூரம், இரண்டு கணக்கு!

சென்னையில் இருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

ஆகாய வழியில் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர்.

சென்னையில் இருந்து துபாய் எவ்வளவு தூரம்?

அதுவும் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர்தான்!

ஒன்று கிழக்கே இருக்கிறது. மற்றொன்று மேற்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், தராசின் முள்ளைப் போலச் சென்னை நிற்கிறது.

கடலூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார். சிதம்பரத்துக்காரர் ஒருவர் துபாய்க்குப் புறப்படுகிறார். இருவருக்கும் இரவு 10 மணிக்கு விமானம். இரண்டு விமானங்களும் நாலரை மணி நேரம் பறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் டிக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கும்? "புறப்பாடு இரவு 10 மணி. சேரும் நேரம் காலை 5 மணி."

துபாய் டிக்கெட்டில் என்ன இருக்கும்? "புறப்பாடு இரவு 10 மணி. சேரும் நேரம் இரவு 1 மணி."

வீட்டில் உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். சிங்கப்பூருக்கு 7 மணி நேரம். துபாய்க்கு 3 மணி நேரம். "துபாய் பக்கம்; சிங்கப்பூர்தான் தூரம்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

இரண்டு கணக்குமே தப்பு!

கடிகாரம் செய்யும் வேடிக்கை

தப்பு எங்கே நேர்ந்தது? டிக்கெட்டில் அச்சிட்டது பொய் அல்ல. ஆனால் அதில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரப்படி. சேரும் நேரம் போய் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி.

பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. அதனால் கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முன்னதாக உதிக்கிறது. மேற்கே இருக்கும் ஊரில் பிந்தி உதிக்கிறது. சூரியனை ஒட்டித்தான் ஒவ்வொரு நாடும் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது.

சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. மலேசியாவும் அப்படியே. துபாயும் மஸ்கட்டும் ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடுகின்றன. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகியவை இரண்டரை மணி நேரம் பிந்தி ஓடுகின்றன.

இதில் மனிதன் செய்த வேலையும் உண்டு. சூரியனை மட்டும் பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரும் மலேசியாவும் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தன. அதன் பின் வித்தியாசம் இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

ஆகவே கணக்கு மிகவும் சுலபம். கிழக்கே போனால், டிக்கெட்டில் தெரியும் நேரத்தில் வித்தியாசத்தைக் கழியுங்கள். ஏழில் இரண்டரை போனால் நாலரை. மேற்கே போனால், தெரியும் நேரத்தோடு வித்தியாசத்தைக் கூட்டுங்கள். மூன்றோடு ஒன்றரை சேர்ந்தால் நாலரை. இரண்டும் ஒன்றாகிவிட்டது பார்த்தீர்களா!

நள்ளிரவுப் பொறி

மணிக்கணக்கில் தப்பு செய்தால் வேடிக்கை. தேதிக் கணக்கில் தப்பு செய்தால் வேதனை!

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்களில் பல, நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. டிக்கெட்டில் "15-ந் தேதி, 00-30 மணி" என்று இருக்கும். அதற்கு என்ன பொருள்? 14-ந் தேதி இரவு 12 மணி அடித்து, அரை மணி நேரம் கழித்து விமானம் கிளம்பும் என்று பொருள்.

ஆனால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? "15-ந் தேதி ராத்திரிதானே" என்று நினைப்பார்கள். 15-ந் தேதி மாலை மூட்டை முடிச்சோடு வேனில் ஏறுவார்கள். விமான நிலையம் போய்ச் சேரும்போது விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்!

டிக்கெட் பணம் போச்சு. வேலையில் சேர வேண்டிய நாள் தவறிப் போச்சு. விசாவின் கெடு அன்றோடு முடிவதாக இருந்தால் அதுவும் போச்சு. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அனுப்பிய குடும்பத்துக்கு இது சின்ன அடியா?

ஆகவே "00" என்று தொடங்கும் நேரத்தைக் கண்டால், முதல் நாளே புறப்பட வேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் விமானம் கிளம்பும் தேதியைச் சுழிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியைச் சுழியுங்கள்.

பந்தும் நூலும்

ஊருக்கு ஊர் ஆகாயத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

குழந்தையின் ரப்பர் பந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு நூலை இரண்டு புள்ளிக்கும் நடுவில் இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ, அதுதான் குறுக்கு வழி. பூமியும் ஒரு பந்துதான். விமானங்களுக்கும் அதுதான் வழி.

சுவரில் தொங்கும் தட்டையான பூகோளப் படம் கண்ணை ஏமாற்றிவிடும். சென்னையில் இருந்து நியூயார்க்குக்குப் படத்தில் கோடு இழுத்தால், அரபு நாடு, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் கடல் என்று மேற்கே போகும். பந்தின் மீது நூல் இழுத்தால் கதை வேறு! நூல் வடக்கே ஏறும். ருஷ்யாவைக் கடக்கும். நார்வேயைத் தாண்டி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்துப் பக்கமாக வளைந்து அமெரிக்காவில் இறங்கும். பனி மூடிய ஆர்க்டிக் வட்டத்தையும் எட்டிப் பார்த்துவிடும். அந்த வழியில் தூரம் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர்.

இன்று உலகத்திலேயே மிக நீண்ட விமானப் பயணங்களில் ஒன்று, சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே நடக்கிறது. தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம் பறக்கிறார்கள்!

பெரிய ஜெட் விமானம் உயரே போன பிறகு மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,930 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வரும். டிக்கெட்டில் நாலரை மணி நேரம் வருவானேன்? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததுமே நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுதளம் வரை ஊர்ந்து போக வேண்டும். முறைக்குக் காத்திருக்க வேண்டும். மெல்ல மேலே ஏற வேண்டும். மெல்லக் கீழே இறங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இதற்கெல்லாம் சேர்ந்தது.

காற்று தள்ளும், போர் தடுக்கும்

போகும் நேரமும் வரும் நேரமும் கூடச் சமமாக இருப்பதில்லை. ஆகாயத்தில் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்கே பலமான காற்று வீசுவது உண்டு. குளிர்காலத்தில் அது வடக்கே வேகமாக வீசும். துபாய்க்குப் போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. அதனால் ஊருக்குத் திரும்பும் பயணத்தில் கால் மணி, அரை மணி நேரம் மிச்சமாகும்.

காற்று தடுப்பதைவிட மனிதன் தடுப்பதுதான் அதிகம். 2019 பிப்ரவரி கடைசியில் பாகிஸ்தான் தன் ஆகாய எல்லையை மூடியது. ஜூலை நடுப்பகுதி வரை அது முழுமையாகத் திறக்கவில்லை. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியில் இருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றுவழியில் போக நேர்ந்தது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் நாடு சில மணி நேரம் தன் ஆகாயத்தை மூடியது. அன்றைய தினம் வளைகுடாவுக்குக் கிளம்ப இருந்தவர்கள் எத்தனையோ ஊர்களில் தவித்தார்கள். நூல் பிடித்து அளந்த தூரம் மாறவில்லை. பயணம் மாறிவிட்டது!

கப்பலில் போன காலம்

ஆனாலும் பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு கஷ்டமா?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிறது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ராபர்ட் கிளைவ் என்ற இளைஞர் தப்பி ஓடி வந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அவர் இங்கிலாந்தில் இருந்து கப்பல் ஏறியது 1743-ல். சென்னை வந்து சேர்ந்தது 1744-ல். வழியில் பிரேசில் நாட்டில் கப்பல் மாதக்கணக்கில் தங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று! இன்று சென்னையில் இருந்து லண்டன் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். நேரே பறந்தால் பத்து, பதினொரு மணி நேரம்.

சிங்கப்பூர்க் கதையும் அப்படித்தான். 'ரஜூலா' என்ற கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின் வந்த கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'சிதம்பரம்'! சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். கடலில் நாள்கணக்கான பிரயாணம். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. பலர் உயிர் இழந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

கடல் சுருங்கிவிட்டது. நாள்கள் மணிகளாகிவிட்டன. ஆனால் வீட்டு வாசலில் இருந்து விமானம் வரை உள்ள வழி? அது சுருங்கியதா?

வாசலில் இருந்து எண்ணுங்கள்

சிதம்பரத்தில் இருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். சாலையில் ஐந்து மணி நேரமாவது ஆகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். பெட்டியை எடை போட்டு வாங்கும் இடத்தைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பிறகு நாலரை மணி நேரம் ஆகாயத்தில். போய் இறங்கி, முத்திரை குத்தி, பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம்.

கூட்டிப் பாருங்கள். பதின்மூன்றரை மணி நேரம்!

இதில் 2,930 கிலோமீட்டருக்கு ஆனது நாலரை மணி. 220 கிலோமீட்டருக்கு ஆனது ஐந்து மணி. காத்து நின்றது நாலு மணி.

இது வெறும் புள்ளி விவரம் அல்ல. பரங்கிப்பேட்டையிலும், லால்பேட்டையிலும், கடலூரிலும், சிதம்பரத்திலும் பிள்ளையை அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்கள் உண்டு. வீட்டில் ஒரு பெரிய உயிர் பிரிகிறது. துபாய்க்குப் போன் போகிறது. மகன் கதறுகிறான். முதலாளியிடம் விடை பெற்று, டிக்கெட் எடுத்து ஓடி வருகிறான். இங்கே ஊரார் கேட்கிறார்கள்: "எத்தனை மணிக்கு வருவான்? எத்தனை மணிக்கு எடுப்பது?"

"நாலு மணி நேர விமானம்தானே, மத்தியானம் வந்துவிடுவான்" என்று யாரோ சொல்கிறார்கள். வந்து இறங்கியவன் மீனம்பாக்கத்தில் நிற்கிறான். முன்னால் 220 கிலோமீட்டர் சாலை. கையில் பெட்டி. பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது. கடைசி முகத்தைப் பார்ப்பதும், பார்க்காமல் போவதும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஆகாயத்தில் இல்லை!

எந்த விமான நிலையம் பக்கம்?

"விமானம் என்றால் சென்னை" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

சிதம்பரத்தில் இருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். சென்னையைவிட அது பக்கம். திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா முதலிய ஊர்களுக்கு நேர் விமானங்கள் போகின்றன. 2024 ஜனவரி 2 அன்று அங்கே புதிய பெரிய கட்டடமும் திறக்கப்பட்டது. சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் திருச்சி லாபம். கடலூருக்குச் சென்னை லாபம். டிக்கெட் வாங்கும் முன் இரண்டு ஊர்க் கட்டணத்தையும் கேளுங்கள். வண்டிச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

கடலூருக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி விமான நிலையம். 25 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் அங்கே சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி விமானம் விட்டார்கள். அங்கே போய் வேறு விமானம் மாறலாம்.

ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியது இல்லை. ரயில் தாம்பரத்தில் நின்றால் அங்கேயே இறங்கலாம். மின்சார ரயில் ஏறினால் சில நிலையங்கள் தள்ளித் திரிசூலம். எதிரே விமான நிலையம்!

மழைக்காலத்தில் மட்டும் இன்னும் தாராளமாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெங்கல் புயல் கரை கடந்தபோதும் அதை மூடினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குவதுகூட நஷ்டம் அல்ல.

என்ன செய்ய வேண்டும்?

பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத் தலம். அந்த ஆகாயத் தலத்துக்கு ஆகாய விமானம் இல்லை. "விமானம் வேண்டும்" என்று கேட்பது நியாயம்தான். நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. சிறிய ஊர்களையும் விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில், 2017-லேயே நெய்வேலியின் பெயர் வந்தது. சேலத்தின் பெயரும் வந்தது. சேலத்துக்கு 2018-ல் விமானம் வந்துவிட்டது. நெய்வேலிக்கு 2025 பிறந்தபோதும் வரவில்லை. இதைக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் நெய்வேலிக்கு விமானம் வந்தாலும் அது துபாய்க்குப் போகாது. சென்னைக்கு ஒரு தாவல் தாவும். அவ்வளவுதான். டிக்கெட் விலை கொடுக்க எல்லோராலும் முடியுமா? ஆகவே விமானம் கேட்பதற்கு முன்னால் பஸ் கேட்க வேண்டும்!

தெற்கே இருந்து போகும் அரசு பஸ்களில் பெரும்பாலானவை, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே இறங்கி, முப்பது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு பஸ் ஏறி விமான நிலையம் போக வேண்டும். நள்ளிரவில் வந்து இறங்கும் பெண்ணோ, முதியவரோ என்ன செய்வார்?

மைசூரில் இருந்து பெங்களூர் விமான நிலையத்துக்குக் கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகம் 'பிளைபஸ்' என்ற பஸ் விட்டிருக்கிறது. தூரம் ஏறத்தாழ கடலூர்–சென்னை தூரம்தான். பெட்டி வைக்க இடம் உண்டு. விமான நிலைய வாசலிலேயே ஏறலாம், வாசலிலேயே இறங்கலாம். மைசூருக்கு முடிந்தது கடலூருக்கு முடியாதா? சிதம்பரத்தில் புறப்பட்டு, கடலூரில் நின்று, சென்னை விமான நிலைய வாசல் வரை இரவு பஸ் ஒன்று. சிதம்பரத்தில் இருந்து கும்பகோணம் வழியாகத் திருச்சி விமான நிலைய வாசல் வரை இன்னொன்று. விமானங்கள் வந்து இறங்கும் நேரத்தை ஒட்டி அவை புறப்பட வேண்டும். கோடிக்கணக்கில் விமான நிலையம் கட்டும் அரசாங்கத்துக்கு இரண்டு பஸ் பெரிய காரியமா? யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பானா?

டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகளும் ஒரு உதவி செய்யலாம். டிக்கெட்டின் பின்புறம் தமிழில் மூன்று வரி எழுதிக் கொடுக்கலாம். "வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதி, நேரம். விமானம் பறக்கும் நேரம். இறங்கும்போது நம் ஊரில் என்ன மணி." இந்த மூன்று வரி இருந்தால், பிள்ளையை வழியனுப்பும் தாய் நிம்மதியாகத் தூங்குவாள்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பந்தையும் நூலையும் கொடுங்கள். சிங்கப்பூரையும் துபாயையும் அளக்கச் சொல்லுங்கள். அப்பா இருக்கும் ஊரில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் போன் செய்தால் அவர் தூக்கம் கெடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆகாயத்தில் 2,930 கிலோமீட்டரை விமானி பார்த்துக்கொள்வார். தரையில் இருக்கும் 220 கிலோமீட்டரைக் குடும்பமும் அரசாங்கமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.